பிஸ்கட் டப்பாவுக்குள் நூல்: அப்பா என்ன நினைப்பார்?

நூல்கண்டு · ஞாயிறு, இரவு 9.40

என் மகனுக்கு மூன்று வயது ஏழு மாதம். இன்று மதியம் அவனிடம் ஒரு சின்ன விளையாட்டு ஆடிப் பார்த்தேன். எங்கோ படித்ததுதான், என் சொந்தச் சரக்கு இல்லை.

போன மாதம் சித்தி வாங்கி வந்த நீல நிற பட்டர் பிஸ்கட் டப்பா, வட்டமாக இருக்குமே, அது. பிஸ்கட்டை நானும் அவனும்தான் தின்று தீர்த்தோம். காலி டப்பாவில் ஊசி, நூல், ஹூக், பட்டன் எல்லாம் போட்டு வைத்தேன். அது அவனுக்குத் தெரியாது. டப்பாவைக் காட்டி, "உள்ள என்ன இருக்கு?" என்றேன். "பிஸ்கட்டு!" என்று கையை நீட்டினான். திறந்து காட்டினேன். முகம் தொங்கிப் போய்விட்டது. மூடினேன்.

"இப்ப அப்பா வருவாரு. அப்பா இந்த டப்பாவ இன்னும் தொறந்து பாக்கல. உள்ள என்ன இருக்குன்னு அப்பா நினைப்பாரு?"

"நூலு."

"அப்பாதான் பாக்கவே இல்லையேடா?"

"நூலுதான்."

சரி, இதுவரை படித்தபடிதான். அடுத்த கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "தொறக்கறதுக்கு முன்னாடி நீ என்ன இருக்குன்னு நினைச்ச?" துளிகூடத் தயங்காமல் "நூலு" என்றான். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் பிஸ்கட்டுக்குக் கை நீட்டிய பிள்ளை! பொய் சொல்கிற முகமும் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தோம் என்று நம்புகிறான்.

மாடி வீட்டுப் பாப்பாவுக்கு நாலரை வயது. அவளிடமும் கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பாவம் அங்கிள், பிஸ்கட்டுன்னு நினைப்பாரு" என்றாள்.

ஒரு வயது வித்தியாசத்தில் இவ்வளவு இடைவெளி இருக்குமா? நான் கவலைப்பட வேண்டுமா?


மொட்டைமாடி · ஞாயிறு, இரவு 9.58

அக்கா, சோதனையிலேயே கோளாறு. நம் ஊரில் அந்த நீல டப்பாவைப் பார்த்து உள்ளே பிஸ்கட் இருக்கும் என்று நினைக்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. உங்கள் மகன் சொன்னதுதான் சரி. மாடி வீட்டுப் பாப்பாவைத்தான் கவனிக்க வேண்டும்.


நூல்கண்டு · ஞாயிறு, இரவு 10.05

சிரிக்காதீர்கள், அதேதான் நடந்தது. இவர் வீட்டுக்கு வந்ததும் பையன் எதிரிலேயே டப்பாவைக் காட்டி "உள்ள என்ன இருக்கும், சொல்லுங்க" என்றேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "ஊசி நூல். வேற என்ன?" என்றார். பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.


மொட்டைமாடி · ஞாயிறு, இரவு 10.11

ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு. ஐஸ்கிரீம் டப்பாவில் தோசை மாவு. துணிக்கடைப் பைக்குள் இன்னும் முப்பது துணிக்கடைப் பைகள். இந்தச் சோதனைக்குத் தமிழ் வீட்டில் பொருளே கிடைக்காது.


கரும்பலகை · ஞாயிறு, இரவு 11.30

கல்லூரியில் உளவியல் நடத்துகிறவன், அதனால் நீளமாகத்தான் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அக்காவுக்கு: கவலையே வேண்டாம். இந்த வயதில் இந்தப் பதில்தான் வரும். நாலிலிருந்து ஐந்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் தாண்டிவிடுவார்கள். நீங்கள் செய்தது 1987இல் பெர்னர், லீகம், விம்மர் மூவரும் செய்த சோதனை. அவர்கள் ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் பென்சில் வைத்தார்கள். உங்களைத் தூக்கிவாரிப் போட்ட அந்த இரண்டாவது கேள்வியை அடுத்த ஆண்டு காப்னிக், ஆஸ்டிங்டன் இருவரும் கேட்டார்கள். அங்கேயும் பிள்ளைகள் "முதலிலேயே பென்சில் என்றுதான் நினைத்தேன்" என்று கூசாமல் சொன்னார்கள். அடுத்தவர் தப்பாக நினைக்கக்கூடும் என்பது பிடிபடாத வயதில், தானே சற்று முன்பு தப்பாக நினைத்திருந்ததும் பிடிபடுவதில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

கதை தொடங்கியது குழந்தைகளிடம் இல்லை, ஒரு சிம்பன்சியிடம். 1978இல் பிரிமாக், உட்ரஃப் என்ற இரண்டு அமெரிக்கர்கள் சாரா என்ற சிம்பன்சிக்கு வீடியோ போட்டுக் காட்டினார்கள். ஒரு ஆள் எட்டாத வாழைப்பழத்துக்குத் திண்டாடுகிறார். பிறகு சில போட்டோக்களை வைத்தார்கள். அந்த ஆளின் சிக்கலுக்குத் தீர்வு காட்டும் போட்டோவைச் சாரா பெரும்பாலும் சரியாக எடுத்தாள். அடுத்த உயிருக்கு ஒரு விருப்பம், ஒரு எண்ணம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அதன் நடத்தையைக் கணிக்கும் இந்தத் திறமைக்கு 'தியரி ஆஃப் மைண்ட்' என்று பேர் வைத்ததும் அவர்களே. தமிழில் மனக் கோட்பாடு என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை, ஏதோ கட்சிக் கொள்கை மாதிரி இருக்கிறது.

உடனே டேனியல் டென்னட் போன்ற தத்துவக்காரர்கள் மடக்கினார்கள். அந்த ஆள் நினைப்பதும் உலகத்தில் இருப்பதும் ஒன்றாகவே இருந்தால், அவர் மனதை நீங்கள் படிக்க வேண்டிய தேவையே இல்லையே? உலகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவர் தப்பாக நினைக்கும்போதும் சரியாகக் கணித்தால்தான் மனதைப் படித்ததாக அர்த்தம். இதைப் பிடித்துக்கொண்டு 1983இல் விம்மரும் பெர்னரும் மாக்ஸி என்ற பையனின் கதையைச் செய்தார்கள். மாக்ஸி ஒரு அலமாரியில் சாக்லேட்டை வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்து மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளை அம்மா மாற்றி வைத்த இடத்தைக் காட்டும்.

1985இல் லண்டனில் பேரன்-கோஹன், லெஸ்லி, ஃப்ரித் மூவரும் இதையே சாலி, ஆன் என்ற இரண்டு பொம்மைகளை வைத்துச் செய்தார்கள். சாலி கூடையில் கோலி வைக்கிறாள், ஆன் அதைப் பெட்டிக்கு மாற்றுகிறாள். ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் தவறினார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 பேரில் 12 பேர் சரியாகச் சொன்னார்கள். ஆட்டிசத்தில் குறைவது இந்தத் திறமைதான் என்ற கருத்து அங்கிருந்துதான் பரவியது.


தாயக்கட்டை · திங்கள், காலை 7.15

சார், குழந்தையை விடுங்கள். பெரியவர்கள் மட்டும் என்ன கிழித்துவிடுகிறோம்?

எங்கள் பெரியப்பா போனில் வழி சொல்வார்: "பஸ்ஸ விட்டு எறங்கி, புளியமரத்துக்கிட்ட லெஃப்ட்ல திரும்பு." அந்த மரத்தை நாற்கர சாலை போட்டபோதே வெட்டிவிட்டார்கள். அவர் மனசில் அது இன்னும் நிற்கிறது. கேட்கிற ஆளுக்கும் நிற்கும் என்று நினைக்கிறார். இதற்கும் பிஸ்கட் டப்பாவுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எலிசபெத் நியூட்டன் என்பவர் 1990இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டை மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிக்குப் பாதி கண்டுபிடிப்பார்கள் என்றார்கள். 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. தட்டுகிறவன் காதில் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் ஓடுகிறது, கேட்கிறவனுக்கு டக் டக் என்ற சத்தம்தான். நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் செய்து பார்த்தேன். ஒன்பது பாட்டு தட்டினேன், ஒன்றைத்தான் கண்டுபிடித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். என் மண்டைக்குள் இருப்பது எதிராளிக்குக் கேட்கவில்லை என்று தெரிந்துகொண்டுதான் கோபப்பட்டேன்.


கரும்பலகை · திங்கள், காலை 8.02

நீங்கள் சொல்வது துறைக்குள்ளேயே நடக்கும் பழைய சண்டை. அடுத்தவர் மனதைக் கணிக்க நாம் ஒரு விதித்தொகுப்பை வைத்திருக்கிறோம் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, நம்மையே அவர் இடத்தில் வைத்து ஓட்டிப் பார்க்கிறோம் என்பது 1986 வாக்கில் கிளம்பிய எதிர்க்கட்சி. ஓட்டிப் பார்க்கும்போது நமக்குத் தெரிந்ததைக் கழற்றி வைக்க மறந்துவிட்டால் உங்கள் பெரியப்பாவின் புளியமரம்தான். இரண்டும் கலந்துதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். காமாலைக் கண் கதைக்கு இரண்டாவது கட்சி நன்றாகப் பொருந்துகிறது.


நூல்கண்டு · திங்கள், மாலை 6.20

மறுபரிசோதனை முடிந்தது. மொட்டைமாடியின் ஆட்சேபத்தை மதித்து, இந்த முறை பேஸ்ட் அட்டைப்பெட்டிக்குள் கிரேயான். பேஸ்ட் பெட்டியில் வேறு எதையும் வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில்கூடக் கிடையாது.

"பாட்டி என்ன இருக்குன்னு நினைப்பாங்க?"

"கிரேயானு."

அதே கதை.


ஒற்றெழுத்து · திங்கள், இரவு 8.45

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் உறுத்துகிறது. நூல்கண்டு, நீங்கள் "அப்பா என்ன நினைப்பாரு?" என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழில் 'நினைக்கிறது' வேறு, 'நினைச்சுக்கிறது' வேறு இல்லையா?

"நீ ஊருக்குப் போயிட்டன்னு நினைச்சேன்" என்றால் போயிருக்கவும் கூடும், போகாமலும் இருக்கலாம். "நீ ஊருக்குப் போயிட்டன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றால் காதில் விழும்போதே தெரிகிறது, ஆள் போகவில்லை, நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேன். "அவன் பெரிய இவன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்" என்று யாராவது சொன்னால் அவன் பெரிய இவனா என்று நாம் திருப்பிக் கேட்பதே இல்லை. இந்தக் 'கொள்' ஒட்டிக்கொள்ளும்போது நினைப்பு அந்த ஆளோடு நின்றுவிடுகிறது, உலகம் வேறாக இருக்கிறது என்ற குறிப்பு கூடவே வருகிறது. எல்லா இடத்திலும் இல்லை, "மனசுக்குள்ள கடவுள நினைச்சுக்கிட்டேன்" என்பதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் 'என்று' சேர்ந்த வாக்கியங்களில் காது அப்படித்தான் கேட்கிறது.

சீன மொழியில் தப்பாக நினைப்பதற்கென்றே 'யீவெய்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. 1999இல் லீ, ஓல்சன், டாரன்ஸ் மூவரும் பொதுவான 'நினை'யை விட்டுவிட்டு இந்தச் சொல்லைப் போட்டுக் கேட்டபோது சீனப் பிள்ளைகள் கூடுதலாகச் சரியான பதில் சொன்னார்கள். துருக்கியிலும் அப்படி ஒரு சொல் உண்டு. நம் 'நினைச்சுக்கிறது' அவ்வளவு கறாரான சொல் இல்லை என்றாலும், அதைப் போட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.


நூல்கண்டு · செவ்வாய், காலை 10.10

கேட்டேன். "அப்பா உள்ள என்ன இருக்குன்னு நினைச்சுக்குவாரு?"

முதல் தடவையாகப் பையன் உடனே பதில் சொல்லவில்லை. டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பேஸ்ட்டு" என்று மெல்லச் சொன்னான். அப்புறம் "இல்ல, கிரேயானு" என்று மாற்றிவிட்டான்.


கரும்பலகை · செவ்வாய், காலை 10.32

ஒரே ஒரு பிள்ளை, ஒரே ஒரு தடவை, அதுவும் மூன்றாம் நாள் பழகிப்போன விளையாட்டு. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்குப் புல்லரித்தது. ஒற்றெழுத்து, இதை யாராவது முறையாகச் செய்ய வேண்டும் ஐயா.


வடகிழக்குக் காற்று · செவ்வாய், இரவு 11.55

கரும்பலகை சார் ஞாயிற்றுக்கிழமை எழுதியதன் கடைசிப் பத்திக்கு யாராவது பதில் சொல்வார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

என் மகனுக்கு 11 வயது, ஆட்டிசம். அவனுக்கு நாலு வயதில் ஒரு மருத்துவமனையில் எங்களிடம் சொன்னார்கள்: "இந்தக் குழந்தைக்கு அடுத்தவங்க மனசு புரியாது. அத மட்டும் எதிர்பார்க்காதீங்க." அந்த ஒரு வாக்கியத்தை ஆறு வருடம் சுமந்தேன். அவன் என்ன செய்தாலும் அந்த வாக்கியத்தின் வழியாகவே பார்த்தேன்.

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. போன வருடம் ஒரு நாள் வலி தொடங்கிக்கொண்டிருந்தது, நான் யாரிடமும் சொல்லவில்லை, மாமியாருக்குக்கூடத் தெரியவில்லை. இவன் வாஷிங் மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு உலகத்திலேயே பிடித்த காட்சி அதுதான். எழுந்து வந்து மெஷினை நிறுத்தினான். ஹால் திரைச்சீலையை இழுத்து மூடினான். "அம்மா கண்ணு சின்னதா ஆயிடுச்சு" என்றான். அவ்வளவுதான், போய்ப் படுத்துக்கொண்டான்.

இப்போது மறுபக்கம். இரண்டாம் வகுப்பில் தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது அலறுவான். பிடிவாதம் என்றோம், அம்மாவைப் பிரிய மனமில்லை என்றோம், டீச்சர் பயம் என்றோம். குடும்பத்தில் ஆளுக்கொரு மனோதத்துவம். கடைசியில் பார்த்தால் யூனிஃபார்ம் காலருக்குள் தைத்திருந்த லேபிள். அதை வெட்டி எடுத்த மறுநாள் அழுகை நின்றது. ஒரு வருடம் சார். நாங்கள் நாலு பெரியவர்கள், யாருக்கும் ஆட்டிசம் கிடையாது. அவன் மனசைப் படிக்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை. எங்களுக்கு எந்தச் சோதனை வைக்கலாம்?

டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். பச்சையாகத் தமிழில் சொன்னால் 'இரு பக்கப் புரியாமை'. அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால் நமக்கும் அவர்களைப் புரியவில்லை, ஆனால் கோளாறு என்ற முத்திரை மட்டும் ஒரு பக்கம் விழுகிறது என்கிறார். 2020இல் எடின்பரோவில் ஆட்களை வரிசையாக வைத்து, ஒரு கதையைக் காதுக்குக் காது கடத்தச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையும் ஒரே அளவுக்குக் கதையைக் காப்பாற்றின. இரண்டு வகையும் கலந்த வரிசையில்தான் கதை உதிர்ந்தது.


கரும்பலகை · புதன், காலை 6.50

வகுப்பில் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது அம்மா. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்படி நிறுத்தியிருக்கக் கூடாது. 1985 சோதனையிலேயே 4 பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள், அவர்களுக்கும் ஆட்டிசம் இருந்தது. தவறிய பிள்ளைகளிலும் எத்தனை பேர் கேள்வியின் மொழியில் தடுக்கினார்கள் என்பதைப் பற்றிப் பிறகு நிறைய எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் எடின்பரோ விஷயத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். அதே குழுவினர் பிற்பாடு இன்னும் நிறைய பேரை வைத்துச் செய்தபோது கலப்பு வரிசையும் மற்ற இரண்டைப் போலவே வந்தது, உதிரவில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் சளைத்தவர்கள் இல்லை என்பது இரண்டு தடவையும் நின்றது. கலந்தால் குழப்பம் என்பதுதான் நிற்கவில்லை. உங்கள் வாதத்துக்கு இதனால் நஷ்டம் இல்லை என்று நினைக்கிறேன்.

இந்தத் துறையில் இப்படி அடிக்கடி நடக்கும். 2005இல் 15 மாதக் கைக்குழந்தைகளே பார்வையால் இந்தச் சோதனையில் தேறுகின்றன என்று ஒரு பெரிய முடிவு வந்தது. அந்த வகைச் சோதனைகளை மறுபடி செய்த பலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. 2016இல் சிம்பன்சி, போனபோ, ஒராங்குட்டான்களுக்கு, கிங் காங் வேஷம் போட்ட ஆள் ஒருவன் ஏமாற்றும் படத்தைக் காட்டி, கண் எங்கே போகிறது என்று அளந்தார்கள். ஏமாந்தவர் தப்பாகத் தேடப்போகும் இடத்தை அவை முன்கூட்டியே பார்த்தன. சாராவிடம் தொடங்கிய கேள்விக்கு 38 வருடம் கழித்து ஆமாம் போல ஒரு பதில்.


வடகிழக்குக் காற்று · புதன், காலை 7.30

திருத்தத்துக்கு நன்றி சார். அந்த இரண்டாவது ஆய்வு எனக்குத் தெரியாது. லேபிள் கதை அப்படியே நிற்கட்டும்.


தண்டல்காரர் · புதன், மதியம் 2.15

இருபத்திரண்டு வருடமாகத் தண்டல் வசூல் செய்கிறேன். ஆராய்ச்சி எல்லாம் தெரியாது. யார் இன்றைக்குப் பணம் கொடுப்பார், யார் நாளைக்கு வா என்பார் என்று வாசலிலேயே சொல்லிவிடுவேன்.


கரும்பலகை · புதன், மதியம் 2.40

முகத்தைப் பார்த்தா அண்ணே? பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதர்களின் சராசரி 54 சதவீதம்தான் என்று பாண்ட், டிபாலோ இருவரும் 2006இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைக் கூட்டிக் கழித்துச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.


தண்டல்காரர் · புதன், மதியம் 3.05

முகத்தை யார் பார்த்தது? முகம் எல்லோருக்கும் ஒன்றுதான், சிரித்த முகம். நான் காதால் கேட்பேன் தம்பி. தெருமுனையில் என் வண்டிச் சத்தம் கேட்டதும் ஒரு வீட்டில் டிவி சத்தம் குறைந்தால், ஆள் உள்ளே இருக்கிறார், பணம் இல்லை. சத்தம் குறையாமல் அப்படியே ஓடினால் பணத்தை எடுத்து டிவி மேலேயே வைத்திருப்பார். பிள்ளையை வெளியே அனுப்பி "அப்பா இல்ல" என்று சொல்ல வைப்பவர்கள் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளை என்றால் சொல்லிவிட்டு ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்க்கும். எட்டு வயது என்றால் என்னையே பார்க்கும்.

அவர்களும் என்னைப் படிக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் சும்மா கேட்டுவிட்டுப் போகிறவன். இழுத்து நடு ஸ்டாண்ட் போட்டால் இன்றைக்கு விடமாட்டேன். ஸ்டாண்ட் சத்தம் கேட்டதும் உள்ளே ஓடிப் பணம் எடுத்து வருகிற வீடுகளை எனக்குத் தெரியும். இது தெரிந்த பிறகு சும்மா கேட்டுவிட்டுப் போகிற நாளிலும் நடு ஸ்டாண்டே போட ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.


மொட்டைமாடி · புதன், மதியம் 3.09

அண்ணே, அந்த 'எட்டு வயது என்றால் என்னையே பார்க்கும்'. அதைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை.


ஒற்றெழுத்து · புதன், இரவு 9.20

தண்டல்காரர் அண்ணன் சொன்னதில் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. யாருக்குத் தேவை அதிகமோ அவர்கள்தான் உற்றுப் படிக்கிறார்கள். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற அதிகாரம் இரண்டு இடத்தில் வரும். ஒன்று பொருட்பாலில், மன்னரைச் சேர்ந்தொழுகலுக்கு அடுத்து. ராஜா முகத்தைப் பார்த்து மந்திரி பிழைக்க வேண்டிய பாடம் அது. அங்கே ராஜாவுக்கு மந்திரியின் குறிப்பை அறியச் சொல்லித் தனி அதிகாரம் இல்லை. இன்னொன்று காமத்துப்பாலில், அங்கே இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா, நான் கதவு திறக்கும் விதத்திலேயே அன்று சம்பள முன்பணம் கேட்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுவார். அவருக்கு அன்று பணம் தேவைப்பட்டது எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.


சைகை · வியாழன், இரவு 10.30

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த இழையில் என் பிள்ளைகளையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் வீட்டில் பெரும்பாலும் யாருக்கும் சைகை தெரியாது. சாப்பாடு, தூக்கம், பாத்ரூம், அடி, இவ்வளவுதான் கை பேசும். கல்யாண வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள், இந்தப் பிள்ளை அக்காவின் தோளைத் தட்டி என்ன என்று கேட்கிறது. "அப்புறம் சொல்றேன்" என்று கையைக் காட்டுகிறாள். அந்த அப்புறம் வருவதே இல்லை. பிள்ளை தானும் சிரித்து வைக்கும். யார் எதை நினைத்து ஏமாந்தார்கள், யாருக்கு எது தெரியாது, ஏன் அத்தை கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் வீட்டில் காதில் விழுந்துதான் மற்ற பிள்ளைகளுக்கு வந்து சேர்கிறது. இவர்களுக்கு அது விழுவதில்லை. சைகை தெரியாத வீட்டில் வளரும் காது கேளாத பிள்ளைகள் பிஸ்கட் டப்பாச் சோதனையில் பல வருடம் பின்தங்குகிறார்கள். பெற்றோரும் காது கேளாதவர்களாக இருந்து, பிறந்த நாள் முதல் சைகையில் பேசியிருந்தால் பின்தங்குவதில்லை. ஆகவே கோளாறு காதில் இல்லை.

நிகராகுவாவில் 1970களின் இறுதியில் மனாகுவாவில் காது கேளாதோர் பள்ளி தொடங்கியபோது, பிள்ளைகளே சேர்ந்து ஒரு புதுச் சைகை மொழியை உருவாக்கினார்கள். முதல் தொகுதியாக வந்தவர்களின் மொழியில் நினைப்பது, தெரிவது போன்ற சொற்கள் குறைவு. பின்னால் வந்தவர்களிடம் அவை நிறைய இருந்தன. பையர்ஸ், செங்காஸ் இருவரும் 2009இல் வெளியிட்டார்கள்: வளர்ந்த பெரியவர்களான முதல் தொகுதியினர், தங்களைவிட இளையவர்களைக் காட்டிலும் இந்தச் சோதனையில் மோசமாகச் செய்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்தச் சொற்களை இளையவர்களிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தார்கள். சோதனையிலும் முன்னேறியிருந்தார்கள்.

என் வகுப்பில் ஒரு சிறுமி, ஒன்பது வயது. போன ஜூனில் ஒரு நாள் ஓடி வந்து, நெற்றிப்பொட்டில் விரலை வைத்து 'அம்மா நினைத்தாள்' என்று காட்டினாள். பிறகு இரண்டு கையையும் குறுக்காக வெட்டினாள். அம்மா தப்பாக நினைத்துவிட்டாளாம், அவள் டிபன் சாப்பிட்டுவிட்டாள் என்று. உண்மையில் நாய்க்குப் போட்டிருக்கிறாள். அதை என்னிடம் சொல்லத்தான் அந்த ஓட்டம்.


தாயக்கட்டை · வெள்ளி, காலை 7.40

சைகை டீச்சர், அந்தப் பெண்ணுக்கு என் சார்பில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே பிஸ்கட்டோடு.

இந்த நாலு வயது, ஐந்து வயது என்ற கணக்கும் எல்லா ஊருக்கும் பொருந்துமா என்று தேடிப் பார்த்தேன். 2005இல் கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து ஐந்து இடத்திலும் ஐந்து வயது வாக்கில் மாறுகிறது என்றார்கள். 2013இல் சமோவாவில் முன்னூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்த வேறு இருவர், அங்கே பெரும்பாலானவர்கள் எட்டு வயதில்தான் தேறுகிறார்கள் என்றார்கள். அடுத்தவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று வாய்விட்டு ஊகிப்பதே மரியாதை இல்லை என்று நினைக்கும் சமூகங்கள் பசிபிக் தீவுகளில் உண்டாம். நம் ஊர்த் திண்ணைகளை அங்கே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. அடுத்தவர் இடத்தில் நின்று பார் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, ஏயல், ஸ்டெஃபல், எப்லி மூவரும் 2018இல் 25 சோதனைகளில் அதைப் பார்த்தார்கள். கணவன் மனைவிக்கும் சேர்த்துத்தான். அப்படி யோசிக்கச் சொன்னதால் கணிப்பு கூர்மையாகவில்லை. நேரே கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்தான் சரியாகச் சொன்னார்கள்.


நூல்கண்டு · வெள்ளி, இரவு 10.15

தாயக்கட்டையின் பதிவைப் படித்துவிட்டு இவரிடம் ஒன்று கேட்டேன். ஒன்பது வருடமாக எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் ஜன்னல் சீட்டை இவருக்கு விட்டுவிடுவேன். வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வருவார், அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் (ஒற்றெழுத்து, கவனிக்கவும்). "குமட்டும், வெளிய பாத்தா கொஞ்சம் அடங்கும், ஆனா காத்து மூஞ்சில அடிக்கிறது சுத்தமாப் புடிக்காது. உனக்கு சைனஸ்ன்னுதான் நான் அங்க உக்காந்தேன்" என்றார். எனக்கு சைனஸ் போய் ஏழு வருடம் ஆகிறது. ஜன்னல் சீட் என்றால் எனக்கு உயிர்.


மொட்டைமாடி · வெள்ளி, இரவு 10.17

ஒன்பது வருட டிக்கெட் காசைத் திருப்பிக் கேளுங்கள்.


நூல்கண்டு · ஏழு மாதம் கழித்து, சனி, மாலை 5.30

இழையைத் தூசி தட்டுவதற்கு மன்னியுங்கள். ஒரு சின்னத் தகவல்.

பையனுக்கு இப்போது நாலு வயது இரண்டு மாதம். இன்று மத்தியானம் ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது, அப்புறம் ஹால் திரைக்குப் பின்னால் இரண்டு கால் தெரிந்தது. தாத்தா பேப்பர் படிக்க உட்கார்ந்தார், கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். உள்ளே ஒரு வெண்டைக்காய்.

"அட! என் கண்ணாடி எங்கப்பா?" என்று தாத்தா அலறினார். திரை குலுங்கிச் சிரித்தது. வெளியே ஓடி வந்து என் புடவையைப் பிடித்து இழுத்துச் சொன்னான்: "தாத்தா உள்ள கண்ணாடின்னு நினைச்சுக்கிட்டாரு!"

தாத்தா ஈசி சேரில் சாய்ந்தபடி, இவன் வெண்டைக்காயைத் தூக்கிக்கொண்டு வருவதை ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். இவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அது இவனுக்குத் தெரியாது.


கரும்பலகை · சனி, மாலை 5.52

அந்தக் கண்ணடிப்பு பிடிபட இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். 'நான் ஏமாந்தேன் என்று நீ நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும்' என்ற அடுக்கு ஆறு ஏழு வயதில்தான் வருகிறது. மாமாவை அதுவரை நடித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.


மொட்டைமாடி · சனி, மாலை 5.58

அதெல்லாம் இருக்கட்டும் அக்கா, கண்ணாடி கிடைத்ததா?


நூல்கண்டு · சனி, மாலை 6.04

கிடைத்தது. வெண்டைக்காய்ப் பைக்குள், ஃப்ரிட்ஜில்.